இருபது வருடமாகக் குரைக்கும் நாய்

போன மாசி மகத்துக்கு என் தங்கை மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரி பார்த்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவன், சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. வயது 49. இருபத்தைந்து வருடமாக ஒரு கம்பெனியில் வெளிநாட்டு இன்சூரன்ஸ் கணக்குகளைக் கோபாலில் எழுதிக்கொண்டிருக்கிறான். கோபால் என்பது 1960-ஐ ஒட்டிப் பிறந்த ஒரு கணினி மொழி. என் தங்கை ரொம்ப நாள் அதை அவனுடைய மேலதிகாரியின் பெயர் என்றே நினைத்திருந்தாள்.

இப்போது கம்பெனியில் எல்லாவற்றையும் ஜாவாவுக்கு மாற்றப் போகிறார்களாம். மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டால் குழுவில் இடம் உண்டு, இல்லாவிட்டால் 'பார்க்கலாம்' என்று சொல்லியிருக்கிறார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அரசாங்க உத்தியோகத்தில் இருந்த எனக்கே தெரியும். வீட்டுக் கடன் இன்னும் பாதி இருக்கிறது. பெண் பன்னிரண்டாவது படிக்கிறாள்.

"என்னடா புரியலை?" என்று கேட்டேன்.

"வார்த்தை எல்லாம் புரியுது மாமா. முதல் நாள் வகுப்புல மிருகம்னு ஒரு கிளாஸ் போட்டாங்க. அதுக்குக் கீழே நாய், பூனை. நாய் குரைக்கும், பூனை கத்தும். சரி. இதை வச்சுக்கிட்டு நான் பாலிசிக் கணக்கை எப்படிப் போடறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கோபித்துக்கொண்டான். நான் சிரித்தது அவனைப் பார்த்து அல்ல. அதே நாய் 2004-இல் என்னைப் பார்த்தும் குரைத்திருக்கிறது.

நான் 1972-இல் எல்.டி.சி.யாகச் சேர்ந்தவன். 1991-இல் எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதைத் தொட எல்லோரும் பயந்தார்கள். நான் பயிற்சிக்குப் போய், டிபேஸ் கற்றுக்கொண்டு, 420 பேருக்குச் சம்பள பில் போடும் புரோகிராமை நானே எழுதினேன். ஆறு வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் ஓடியது. 1997-இல் ஐந்தாவது ஊதியக்குழு வந்தது. அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி, எல்லாமே மாறின. என் புரோகிராமில் 'இவர் நிரந்தர ஊழியரா, தினக்கூலியா, டெபுடேஷனில் வந்தவரா' என்ற கேள்வி 14 இடங்களில் இருந்தது. ஒவ்வொன்றையும் தேடித் திருத்த வேண்டும். ராத்திரி பகலாக உட்கார்ந்து 13 இடங்களைத் திருத்தினேன்.

பதினான்காவது இடம் ஜி.பி.எஃப். பட்டியலில் இருந்தது. இரண்டு மாதம் கழித்து ஓர் அட்டெண்டர் சம்பளச் சீட்டோடு என் மேசைக்கு வந்து நின்றார். "சார், பொண்ணு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் போட்டிருக்கேன். பிடித்தம் கணக்கு இடிக்குதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க." தவறு என்னுடையது. நானே கையெழுத்தோடு அலைந்து சரிசெய்து கொடுத்தேன். கல்யாணம் நடந்தது. ஆனால் அந்த மனிதர் நின்ற நிற்பு இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது.

2004-இல் ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறை, பாடப்புத்தகத் தமிழில் பொருள்நோக்கு நிரலாக்கம். நாய் வந்தது, பூனை வந்தது. நான் எழுந்து, "புரோகிராம் எங்கே ஆரம்பிக்குது? யார் யாரைக் கூப்பிடறாங்க?" என்று கேட்டேன். சொல்லிக்கொடுத்த பையன் நல்ல பையன்தான். "அதைப் பத்திக் கவலைப்படாதீங்க சார், ஆப்ஜெக்ட் பாத்துக்கும்" என்றான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே டீக்கடைக்குப் போய்விட்டேன். ஆபீசுக்குத் திரும்பி, எனக்கு இது தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தேன். என் 54 வயதுதான் காரணம் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அது தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது. அனுபவமுள்ள புரோகிராமர் இந்த முறையைக் கற்கத் தடுமாறுவதற்கு வயதோ ஞாபகசக்தியோ காரணம் இல்லை. அவனிடமிருந்து ஒரு பழைய பழக்கத்தை விடச் சொல்கிறார்கள். எந்தப் பழக்கம் என்று மட்டும் சொல்வதில்லை.

ஓய்வுபெற்ற பிறகு, ரோசத்தில், மெதுவாகப் படித்துத்தான் எனக்கு அது தெரிந்தது. பழைய முறையில் எழுதுகிறவன் எல்லாவற்றையும் தன் தலையில் வைத்திருப்பான். மேலிருந்து கீழே, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, எது எப்போது நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். தகவல் ஒரு பக்கம் இருக்கும், வேலை இன்னொரு பக்கம் இருக்கும், நடுவில் அவன் இருப்பான். எங்கள் அலுவலகத்தில் ஒரு சூப்பரின்டென்டென்ட் இருந்தார். எல்லா செக்ஷன் பதிவேட்டையும் அவரே திறந்து பார்ப்பார், அவரே திருத்துவார். திறமைசாலி, சந்தேகமே இல்லை. அவர் பதினைந்து நாள் லீவு போட்டால் அலுவலகம் படுத்துவிடும். என் டிபேஸ் புரோகிராமில் நான்தான் அந்த சூப்பரின்டென்டென்ட்.

புதிய முறை என்பது ஒழுங்காக நடக்கும் ஓர் அலுவலகம், அவ்வளவுதான். ஒவ்வொரு செக்ஷனுக்கும் அதனதன் பதிவேடு, அதனதன் அலமாரி, அதனதன் சாவி. லீவுக் கணக்கு வேண்டுமென்றால் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷனுக்குக் குறிப்பு அனுப்பிக் கேட்கவேண்டும். அவர்கள் அலமாரியை நாமே திறக்கக் கூடாது. பதில் வந்தால் போதும், அவர்கள் எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்பது நம் கவலை அல்ல. கிளாஸ் என்பது சர்வீஸ் புக்கின் அச்சடித்த வெற்றுப் படிவம். ஆப்ஜெக்ட் என்பது ஆளுக்கொன்றாக நிரப்பிய சர்வீஸ் புக். ஒரு வித்தியாசம், இந்த சர்வீஸ் புக் பேசும். 'உன் இந்த மாதச் சம்பளம் எவ்வளவு?' என்று எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டால், நிரந்தர ஊழியர் பஞ்சப்படி சேர்த்துச் சொல்வார், தினக்கூலி நாட்களை எண்ணிச் சொல்வார். பில் போடுகிறவன் யார் என்ன வகை என்று கேட்கவே வேண்டாம்.

அதாவது, என் 14 இடங்கள் ஓர் இடமாகிவிடும். நாளைக்குப் புதிதாக ஒப்பந்த ஊழியர் என்று ஒரு வகை வந்தால், அதற்கு ஒரு புதுப் படிவம் எழுதிச் சேர்த்தால் ஆயிற்று. மற்றதையெல்லாம் பெரும்பாலும் தொடவேண்டியதில்லை. அந்த அட்டெண்டர் என் மேசைக்கு வரவேண்டியிருந்திருக்காது. 2004-இல் நாய்க்குப் பதிலாக இதை யாராவது சொல்லியிருந்தால், 54 வயதிலும் முன்வரிசையில் உட்கார்ந்து கற்றிருப்பேன்.

இந்த முறையின் பிறப்பைப் பார்த்தாலும் அதில் நாயும் பூனையும் இல்லை. நார்வே நாட்டில், ஆஸ்லோ நகரிலுள்ள நார்வே கணினி மையத்தில், ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நைகார்டும் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். நிஜ உலக வேலைகளைக் கணினியில் நடத்திப் பார்ப்பதற்கான மொழி அது. வரிசை, கவுண்டர், காத்திருக்கும் ஆள் போன்ற விஷயங்கள். 1967-இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில்தான் கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற ஏற்பாடு முழுமையாக வந்தது. கவுண்டரும் வரிசையும் நமக்குத் தெரியாததா என்ன?

நைகார்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். 1970-களின் தொடக்கத்தில் அவர் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். தொழிற்சாலைக்குக் கணினி வரும்போது, அங்கே வேலை செய்கிறவனுக்கும் அதில் ஒரு சொல் இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அப்படிப்பட்டவர் பெற்ற பிள்ளையை வைத்துக்கொண்டு, 49 வயதுக்காரனிடம் 'மூன்று மாதம், இல்லாவிட்டால் பார்க்கலாம்' என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

அனுபவசாலிகளின் இந்தத் தடுமாற்றம் ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் கென்ட் பெக், வார்டு கன்னிங்ஹாம் என்ற இருவர் 1989-இலேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். கன்னிங்ஹாம்தான் பிற்பாடு முதல் விக்கியை உருவாக்கியவர். விக்கிப்பீடியாவின் பெயரில் வருகிற விக்கி அதுதான். எல்லாம் எனக்குத் தெரியவேண்டும் என்ற பிடியை விடுவதுதான் கற்பவனுக்கு மிகக் கடினம் என்பது அவர்கள் கண்டது. அதற்கு அவர்கள் சொன்ன மருந்து கம்ப்யூட்டரே இல்லாதது. வெறும் அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் மூன்றே விஷயம்: மேலே பெயர், இடது பக்கம் அதன் பொறுப்புகள், வலது பக்கம் யார் யாரிடம் அது உதவி கேட்கும். அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வேலையை நாடகம் மாதிரி நடத்திப் பார்க்கவேண்டும்.

அன்று மாலை அதைத்தான் செய்தோம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை என் மனைவி ஒரு டப்பாவில் சேர்த்துவைப்பாள். அவற்றின் வெள்ளைப் பக்கத்தில் எழுதினோம். இன்சூரன்ஸ் எனக்குத் தெரியாது என்பதால் முதலில் என் சம்பள பில்லையே எடுத்துக்கொண்டோம். ஊழியர், லீவுக் கணக்கு, கடன், பில் என்று நான்கு அட்டை. கடன் அட்டையை என் மனைவியிடம் கொடுத்தேன். அவள் பொறுப்பு: பாக்கி எவ்வளவு, இந்த மாதத் தவணை எவ்வளவு என்று கேட்டால் சொல்வது.

மருமகன் கையில் பில் அட்டை. அவன் நேராக எட்டி அவள் அட்டையைப் பிடுங்கப் பார்த்தான்.

"எங்கிட்ட கேளுடா. நான் சொல்றேன்," என்றாள்.

"இல்ல அத்தை, பாக்கித் தொகை எவ்வளவுன்னு பார்த்து நானே கழிச்சுக்கறேன்."

"நீ கழிச்சுட்டா, கழிச்சதை நான் எப்படித் தெரிஞ்சுக்கறது? நாளைக்கு இன்னொருத்தனும் வந்து கழிப்பான்."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதுதான் மாமா நான் பண்றது. இருபத்தஞ்சு வருஷமா எல்லார் அலமாரியையும் நானேதான் திறந்துக்கிட்டிருக்கேன்," என்றான். அப்புறம் சாப்பிட வந்தான்.

பழைய பழக்கம் அவ்வளவு சுலபமாகப் போகாது. இது எனக்கு வேறு விதத்தில் தெரியும். நான் படித்தது முழுக்க பிரெஞ்சு வழியில். உத்தியோகத்தில் சேர்ந்தபோது பைல்கள் இங்கிலீஷில் இருந்தன. பிரெஞ்சில் ஒருவன் தன் வயதைச் சொல்லும்போது, இத்தனை வருடங்கள் என்னிடம் இருக்கின்றன என்றுதான் சொல்வான். நான் அதையே இங்கிலீஷில் எழுதினேன். 22 வருடங்களை எங்கே வைத்திருக்கிறாய், பையிலா என்று கேட்டார்கள். இங்கிலீஷ் வார்த்தைகள் எனக்குத் தெரியாமல் இல்லை. வாக்கியத்தை உள்ளே இருந்து ஒரு பிரெஞ்சுக்காரன் கட்டிக்கொண்டிருந்தான். ஜாவாவில் கோபால் எழுதுகிறவனும் அப்படித்தான். புரோகிராம் ஓடும். ஆனால் ஒரே ஒரு பெரிய கிளாஸ், அதற்குள் மேலிருந்து கீழே ஆயிரம் வரி, அந்தப் பழைய 14 கேள்விகளும் அப்படியே உள்ளே. வேட்டியைக் கழற்றாமல் அதன்மேலேயே பேன்ட் போட்ட மாதிரி.

என் இங்கிலீஷைத் திருத்தியது இலக்கணப் புத்தகம் அல்ல, ரிக்கார்டு ரூம். நல்ல நோட் எழுதக்கூடிய பழைய குமாஸ்தாக்களின் பைல்களை எடுத்துப் படித்தேன். எப்படி ஆரம்பிக்கிறார்கள், எதை விடுகிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்று பார்த்தேன். புரோகிராமர்களுக்கும் அதையே சொல்வேன். எழுதுவதற்கு முன்னால், நன்றாக எழுதப்பட்ட ஒரு முழு புரோகிராமை உட்கார்ந்து படிக்கவேண்டும். இன்றைக்கு அப்படிப்பட்டவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஐந்து நாள் பயிற்சியில் இதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. பாடங்களில் பரம்பரையை, அதாவது மிருகத்திலிருந்து நாய் என்ற வாரிசு முறையை, முதலிலேயே தூக்கி வைக்கிறார்கள். அனுபவசாலி அதை நம்பி, எல்லாவற்றையும் அப்பன், மகன், பேரன் என்று அடுக்கிவிடுகிறான். தாத்தாவில் ஒரு வரி மாற்றினால் பேரன் எங்கோ விழுகிறான். வாரிசு கடைசியில் வரட்டும். முதலில் பொறுப்பு யாருடையது என்று கற்றுக்கொடுங்கள். அதன் பிறகு ஒப்பந்தம். பெர்ட்ராண்ட் மேயர் என்ற பிரெஞ்சுக்காரர் 1985-ஐ ஒட்டி ஒரு மொழியை உருவாக்கி, கோபுரம் கட்டிய ஐஃபெல் பெயரையே அதற்கு வைத்தார். அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் ஒப்பந்தம் எழுதலாம். இன்னின்ன இணைப்புகளோடு மனு வந்தால், இன்ன பதில் தருவேன் என்று. கவுண்டரில் உட்கார்ந்த எந்தக் குமாஸ்தாவுக்கும் இது ஐந்து நிமிடத்தில் புரியும்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த முறை சர்வரோக நிவாரணி அல்ல. ஒரு முறை ஓட்டி ஒரு பட்டியல் எடுத்து முடித்துவிடும் சின்ன வேலைக்கு என் பழைய டிபேஸ் வழியே போதும். அதற்கு நான்கு செக்ஷன் திறப்பது, ஒரு தபால்தலை ஒட்ட கமிட்டி போடுகிற மாதிரி. பழைய கோபால் புரோகிராம்களையும் நான் ஏளனம் செய்ய மாட்டேன். வங்கியிலும் இன்சூரன்ஸிலும் இன்றுவரை பணத்தைத் தப்பாமல் எண்ணுகின்றன. அவற்றுக்குள் இருக்கும் விதிகள் பல வேறு எந்தக் காகிதத்திலும் இல்லை, என் மருமகன் மாதிரி ஆட்களின் தலையில் மட்டுமே இருக்கின்றன. எதை மாற்றவேண்டுமோ அதை உண்மையில் அறிந்தவன் அவன்தான். இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு ஜாவா தெரியும். எந்த பாலிசிக்கு எந்த விதிவிலக்கு என்று தெரியாது. இருவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்து, நடுவில் அட்டைகளைப் போட்டால், இருவருமே கற்பார்கள். அவனைத் தனியாக ஒரு திரை முன்னால் உட்காரவைத்து நாயைக் காட்டுவது பண விரயம், மனித விரயம்.

ஆகவே சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு என் கோரிக்கை மூன்று. கற்கிறவரின் சொந்த வேலையிலிருந்தே உதாரணம் எடுங்கள். எதை விடவேண்டும் என்பதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லுங்கள். நாள் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் அவகாசம் கொடுங்கள். நானே பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வர நாலைந்து வருடம் ஆயிற்று. அதுவரை என்னை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை.

மூன்று மாதக் கெடு முடிந்துவிட்டது. மருமகனுக்கு இன்னும் மூன்று மாதம் நீட்டித்திருக்கிறார்கள். பாதி நாள் பழைய வேலை, பாதி நாள் புதியது. முடிவு என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. போன வாரம் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தான். "மாமா, பிரீமியம் அட்டையில பொறுப்பு ஒன்பது ஆயிடுச்சு, என்ன பண்றது?" என்றான். ஒரு செக்ஷனுக்கு வேலை அதிகமானால் நாங்கள் என்ன செய்வோம்? இரண்டாகப் பிரிப்போம். அதையே சொன்னேன். "அப்போ எதை எங்கே வைக்கறது?" என்று ஆரம்பித்தான். முக்கால் மணி நேரம் பேசினோம். நாய் பூனைப் பேச்சே வரவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு ஐம்பதைத் தொட்ட மகனோ மகளோ இருப்பார்கள். ராத்திரி விளக்குப் போட்டுக்கொண்டு ஏதோ புதிதாகப் படித்துக்கொண்டிருப்பார்கள். 'இந்த வயசுல இது எதுக்கு' என்று சொல்லிவிடாதீர்கள். 2004-இல் எனக்கு அதைத்தான் சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, 'உன் வேலை என்ன, எனக்குச் சொல்லு' என்று கேளுங்கள். வீட்டில் பழைய கல்யாணப் பத்திரிகை இல்லாமலா இருக்கும்?